பார்க்காமல் எழுதியவை

2025 ஜூன் 4, புதன்

ஏழு மணிக்கு அம்மாவை டயாலிசிஸ் மெஷினில் மாட்டினார்கள். இனி பதினொன்று வரை நாற்காலிதான். நிரல் எழுதக் கற்றுக்கொள்ள என்று தம்பி ராத்திரி அனுப்பிய பட்டியலைத் திறந்தேன். ஃப்ரீகோட்கேம்ப், ஓடின் ப்ராஜெக்ட், ஹார்வர்டின் சிஎஸ்50, ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல், யூடியூபில் மணிக்கணக்காக ஓடும் வீடியோக்கள். எல்லாமே இலவசம். "எதுல வேணாலும் ஆரம்பிக்கா" என்கிறான். எதில் வேண்டுமானாலும் என்றால் எனக்கு எதிலும் கால் ஊன்றாது.

அம்மா 54.8. கூடுதல் நீர் போனபின் இருக்க வேண்டிய எடை, டிரை வெயிட், 52.5.

ஜூன் 5, வியாழன்

வீடு. முதலில் எதற்கு என்பதை முடிவு செய்தேன், மற்றது தானாகக் கழன்றது. எனக்கு வலைப்பக்கம் செய்ய வேண்டாம். ஆகவே ஓடின் ப்ராஜெக்ட் இல்லை, ஃப்ரீகோட்கேம்பின் எச்டிஎம்எல் பாடங்களும் இல்லை. எனக்கு வேண்டியது அந்த நோட்டு. தேதி, போகும்போது எடை, வரும்போது எடை, பிபி. அம்மா கையெழுத்து பாதி, என் கையெழுத்து பாதி. டாக்டர் ஏதாவது கேட்டால் வரிசையில் நின்றபடி பக்கம் பக்கமாகப் புரட்டுகிறோம். அதைப் படித்துப் பதில் சொல்லும் நிரல் ஒன்றை எழுதத் தெரிந்தால் போதும். அதற்குப் பைதான் என்ற நிரல்மொழி சரி.

ஜூன் 9, திங்கள்

55.6. ராத்திரி முழுக்க இருமல்.

ஜூன் 11, புதன்

வீடியோ, ஹார்வர்டின் பைதான் பாடம், என்பிடெல் மூன்றிலும் ஒரே விஷயத்தை, ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப்பை, படித்துப் பார்த்தேன். வீடியோ அழகாக ஓடுகிறது. அவர் தட்டத் தட்ட எல்லாம் புரிகிறது. மூடிவிட்டு வெற்றுக் கோப்பைத் திறந்தால் முதல் வரிக்கே கை வரவில்லை. ஹார்வர்டு பாடத்தில் ஒவ்வொரு வாரத்துக்கும் கணக்குகள் இருக்கின்றன. எழுதி அனுப்பினால் செக்50 என்ற கருவி எந்த உள்ளீட்டுக்கு எங்கே தவறுகிறது என்று சொல்லிவிடுகிறது. பக்கத்தில் கேட்க ஆளில்லாத என் போன்றவளுக்கு அது பெரிய துணை.

என்பிடெலில் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் பாடம். 8 வாரம். முதல் வாரத்திலேயே மீப்பெரு பொது வகுத்தியை எடுக்கிறார். வகுத்திகளையெல்லாம் லிஸ்டில், அதாவது ஒரு வரிசையில், போட்டு ஒரு வழி. அப்புறம் லிஸ்டே இல்லாமல். அப்புறம் யூக்ளிட் வழி. விடை ஒன்றுதான், நிரல் ஒவ்வொரு தடவையும் சுருங்குகிறது, வேகமாகிறது. சரியான விடை வந்த பிறகும் திரும்ப எழுதலாம் என்று இதுவரை எனக்கு யாரும் காட்டியதில்லை.

ஹார்வர்டு கணக்குகள், மாதவன் முகுந்தின் விளக்கம். இந்த இரண்டு மட்டும். தம்பியின் பட்டியலை அழித்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

"ஒரே ஒரு மடக்கு குடுடி." ஒரு நாளைக்கு 750 மில்லிதான் குடிக்கலாம். சாயங்காலம் நாலு மணிக்கே முடிந்துவிட்டது. ஐஸ் கட்டி ஒன்று கொடுத்தேன். அதையும் கணக்கில் எழுதினேன்.

ஜூன் 16, திங்கள்

நிரல்களைப் பதிந்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் தம்பி கணக்குத் தொடங்கித் தந்தான். ஏதாவது பதிந்த நாளில் கட்டம் பச்சையாகும், வரிசை அறுபடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான். ஒரு எழுத்தைத் திருத்திப் பதிந்தாலும் கட்டம் பச்சைதான். ஒரு வேலையைப் பெயர் வைத்துத் தனியாக எழுதிவைக்கும் ஃபங்ஷன் புரியாமல் மூன்று மணி நேரம் முட்டி, கடைசியில் பிடிபட்டு, எதையும் பதியாமல் தூங்கிய நாளுக்கு வெள்ளைதான். பாடத்தில் இத்தனை சதவீதம் முடிந்தது என்ற பட்டையும் அப்படியே. நான் பார்த்து முடித்ததைச் சொல்கிறது, எனக்குத் தெரிந்ததைச் சொல்வதில்லை.

எடை நோட்டின் பின்பக்கத்தில் மூன்று கோடு போட்டேன். என்ன, எந்தத் தேதி, பார்க்காமல் எழுத வந்ததா. வந்தால் டிக். ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி. அப்போதும் வந்தால்தான் இரண்டாவது டிக். எடை முன்பக்கம், இது பின்பக்கம்.

ஜூன் 18, புதன்

நோட்டிலிருந்து முதல் கணக்கு. 54.8-இலிருந்து 52.5-ஐக் கழிக்கச் சொன்னேன். திரையில் 2.299999999999997. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அம்மா உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்ற எண் அது.

இந்த நான்கு மணி நேரமும் அதற்கே போனது. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைக்கிறது. 52.5-இல் அரை இருக்கிறது, அது அப்படியே அடங்கும். 54.8-இன் .8 இரண்டின் அடுக்குகளில் முடிவே இல்லாமல் போகிறது, நாம் 1/3-ஐ 0.333 என்று எழுதிக்கொண்டே போவது மாதிரி. ஓரிடத்தில் வெட்டித்தான் வைத்தாக வேண்டும். கழித்ததும் வெட்டின தடம் வெளியே தெரிகிறது. ஒரு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.3. எடை மெஷினே அதற்கு மேல் காட்டாது. எனக்கு அது போதும்.

மெஷினில் இலக்கு வைக்கும் அண்ணனிடம் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். ரத்தத்தைத் திருப்பிச் செலுத்தும்போது உள்ளே போகும் சலைனையும் சேர்த்து 2.5 என்றார்.

ஜூன் 20, வெள்ளி

டயாலிசிஸ் ஊசி போட அம்மா கையில் ரத்தக்குழாய்களை இணைத்த இடம், ஃபிஸ்டுலா. அதில் விரல் வைத்தால் வழக்கமாக விர்ரென்று இருக்கும். இன்று காலை குறைவாக இருந்தது. எனக்கு மட்டும் அப்படித் தோன்றியதா? அம்மா கையைப் பிடுங்கிக்கொள்கிறாள், "சும்மா தொட்டுக்கிட்டே இருக்காத." சிஸ்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, சத்தம் இருக்கிறது என்றார். இருக்கிறது சரி, போன வாரம் மாதிரி இருக்கிறதா? அதை எந்த நோட்டிலும் எழுத முடியாது. எடைக்கு எண் உண்டு, பிபிக்கு எண் உண்டு, விரலுக்குத் தெரிவதற்கு எண் இல்லை. அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பை மாட்டக் கூடாது. தூக்கத்தில் அந்தக் கை மேலேயே சரிந்து படுக்கிறாள். ராத்திரி இரண்டு முறை எழுந்து கையை எடுத்து வைத்தேன். ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் திங்களன்று. அதுவரை லேப்டாப்பைத் தொடப்போவதில்லை.

ஜூன் 23, திங்கள்

டாப்ளரில் ஓட்டம் நன்றாக இருக்கிறது. அம்மா இட்லி கேட்டாள்.

ஜூலை 3, வியாழன்

லிஸ்டுக்கு இரண்டாவது டிக் விழவில்லை. இன்னதற்கு இது என்று ஜோடியாக வைக்கும் டிக்‌ஷனரிக்கு விழுந்தது.

ஜூலை 7, திங்கள்

ஹார்வர்டின் 'ப்ராப்ளம் செட் 3' தொகுப்பில் பெட்ரோல் அளவு கணக்கு. ஒருவர் 3/4 என்று பின்னமாகத் தர வேண்டும், பூனை என்று தந்தாலும் நிரல் விழக் கூடாது. இதெல்லாம் எனக்கெதற்கு என்று போன வாரம் நினைத்தேன். இன்று நோட்டை முழுதாகப் படிக்கவைத்தால் வேல்யூஎரர், மதிப்பு சரியில்லை என்ற பிழை. மே மாதத்தில் ஒரு நாள் எடை இருக்க வேண்டிய இடத்தில் அம்மா "மெஷின் ரிப்பேர்" என்று எழுதியிருக்கிறாள். அதை எண்ணாக்கப் போய்த்தான் விழுந்திருக்கிறது. பிழை வந்தால் விழாமல் வேறு வழியில் போக ட்ரை, எக்ஸெப்ட். பார்க்காமல் எழுதினேன். அந்த வரியை விட்டுவிட்டு, விட்ட தேதியை மட்டும் சொல்கிறது. சொல்லாமல் விடக் கூடாது, இது முக்கியம்.

55.9. ஏன் இவ்வளவு? சனி, ஞாயிறு நான்தானே அளந்து கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

அட்டவணையில் கிழமைகளைத் தமிழில் போட்டால் பத்திகள் கோணிப்போகின்றன. நீளம் எண்ணும் லென்னைக் கேட்டால் "திங்கள்" என்பதற்கு 7 என்கிறது. என் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளை வைக்கும் யூனிகோடில் இகரக் குறி தனி, ஒவ்வொரு புள்ளியும் தனி. பத்தியை நேராக்க ஒரு வழி தேட வேண்டும். கிழமையை எண்ணாக்கிவிடு என்று தம்பி சொல்கிறான். மாட்டேன், அம்மாவும் பார்ப்பாள்.

ஜூலை 18, வெள்ளி

பக்கத்துக் கட்டில் தாத்தா வரவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

காலியாகவே இருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

மாதவன் முகுந்த் வழியில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே முதலிலிருந்து எழுதினேன். பழையது பாதியாகச் சுருங்கியது. ஒரே கணக்கைத் தனித்தனியாகச் செய்த இடங்களெல்லாம் ஒரு ஃபங்ஷனுக்குள் வந்துவிட்டன. இதற்கு எந்தப் பத்தியில் டிக் போடுவது? புதிதாக எதுவும் கற்கவில்லை, ஆனால் ஜூனில் என்னால் இதைச் செய்திருக்க முடியாது. நான்காவதாக ஒரு கோடு போட்டேன். "திரும்ப எழுதியது."

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று நிரல் பதில் சொன்னது. போகும்போது டிரை வெயிட்டுக்கு மேல் எவ்வளவு என்று கிழமைவாரியாகச் சராசரி கேட்டேன். திங்கள் 3.1, புதன் 2.2, வெள்ளி 2.1. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே ஒரு நாள் கூடுதல், அதுதான். நான் அளந்ததில் குறையில்லை, அம்மா ஒளித்துக் குடிக்கவும் இல்லை. டாக்டரிடம் லேப்டாப்பையே காட்டினேன். நின்று பார்த்தார். சனி, ஞாயிறு உப்பை இன்னும் குறைக்கச் சொன்னார், உப்பு குறைந்தால் தாகம் குறையும் என்றார். ஊறுகாய் ஜாடியை மேல் பலகைக்கு ஏற்றியாயிற்று.

அம்மாவுக்குத் திரையைக் காட்டினேன். "திங்கள்" என்பதைத் தொட்டு, "நேரா வந்துருச்சே" என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

டிரை வெயிட்டை 52.0 ஆக்கிவிட்டார்கள். கால் வீக்கம் இருப்பதால் என்கிறார்கள். நிரலில் 52.5 என்று ஒரே இடத்தில்தான் வைத்திருக்கிறேன், மாற்ற ஒரு நொடி. ஆனால் மாற்றினால் ஜூன், ஜூலை கணக்கெல்லாம் அரைக் கிலோ ஏறிவிடும். இந்தத் தேதி வரை இது, இந்தத் தேதியிலிருந்து அது என்று இருக்க வேண்டும். டிக்‌ஷனரியில் தேதியையும் எடையையும் வைத்து, அந்த நாளுக்கு முந்தைய கடைசித் தேதியைத் தேடி எடுக்கணும். பார்க்காமல் எழுதிப் பார்க்கிறேன். சிஸ்டர் கூப்பிடுகிறார்,