வால் கனத்த ராக்கெட்: ஈர்ப்பு மையத்தோடு ஒரு மல்லுக்கட்டு

பத்து சென்டிமீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீளமும் கொண்ட ராக்கெட்டின் உடல், எங்கள் பெங்களூரு வீட்டு மாடியில் ஒருவழியாகக் கூடி நிற்கிறது. 640 முதல் 1,280 நியூட்டன்-வினாடி வரை உந்தம் தரும் ஜே வகுப்பு மோட்டாரை மனத்தில் வைத்தே இதைத் திட்டமிட்டேன். ஆனால் மோட்டாரின் எரிபொருள் நம் நாட்டில் வெடிபொருள் விதிகளுக்குள் வருகிறது. தவிர, ஜக்கூர், யெலகங்கா, எச்.ஏ.எல். என்று ஊரைச் சுற்றி ஓடுதளங்கள் இருக்கையில் இங்கே ஏவும் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அதே எடைக்கு மணல் நிரப்பிய பி.வி.சி. குழாய்தான் மோட்டாரின் இடத்தில் இருக்கிறது.

எடை கூடுவது எப்போதும் வால் பக்கம்தான். பிளைவுட் துடுப்புகளை ஒட்டிய மூலைகளில் எபாக்சியைப் பூசி, விரலால் வழித்து வளைவாக்கி, மேலே கண்ணாடி இழைத் துணியைப் படியவைக்கும்போது, சேரும் ஒவ்வொரு கிராமும் ஈர்ப்பு மையத்தைப் பின்னே இழுக்கிறது. காற்றின் அழுத்த மையம், அதாவது உடல்மேல் மோதும் காற்றின் விசை முழுதும் ஒன்றுகூடுவதாகக் கொள்ளும் புள்ளி, அதற்குப் பின்னால், குறைந்தது ஒரு விட்டத் தொலைவில் இருந்தால்தான் ராக்கெட் நேராகச் செல்லும். ராக்கெட் வடிவமைக்க உதவும் ஓப்பன்ராக்கெட் மென்பொருளின் கணக்குப்படி அழுத்த மையம் மூக்கு நுனியிலிருந்து 152 சென்டிமீட்டரில் அமைகிறது. மணல் குழாயோடு சேர்த்து 6 கிலோ வரும் உடலைக் கயிற்றில் தொங்கவிட்டு, இருபுறமும் சாயாத இடத்தைத் தேடிப் பென்சிலால் கோடிட்டபோது, ஈர்ப்பு மையம் 140-இல் இருந்தது. இடைவெளி 1.2 விட்டம், விதிப்படி போதும், ஆனால் பக்கக் காற்றை நினைத்தால் எனக்கு அது போதவில்லை.

துடுப்பைப் பெரிதாக்கினால் வால் மீண்டும் கனக்கும் என்பதால், மூக்கில் எடை சேர்ப்பதே சிக்கனமான வழி. நுனியிலிருந்து 25 சென்டிமீட்டரில் சுமார் 220 கிராம் வைத்தால் மையம் 136-க்கு நகரும். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை மூக்குக் கூம்புக்குள் இட்டு, எபாக்சியை ஒரேயடியாக ஊற்றாமல் சிறிது சிறிதாக ஊற்றினேன். மொத்தமாக ஊற்றினால் கலவை சூடேறிக் கூம்பையே நெளியவைத்துவிடும். இறுகியபின் மறுபடி தொங்கவிட்டேன்; பென்சில் கோடு 136-ஐ ஒட்டியே விழுந்தது.

பாராசூட்டின் விட்டம் 2 மீட்டர். அது காற்றில் எவ்வளவு தடை தரும் என்பதைக் குறிக்கும் இழுவைக் குணகத்தை 0.75 என்று கொண்டால் இறங்கும் வேகம் நொடிக்கு 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. வயல் மண்ணுக்கு இது பாதகமில்லை. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கிய, உயரத்தை அறிய உதவும் காற்றழுத்த உணரிக்கான துளைகளை இடுவதே அடுத்த வேலை.