அந்தப் பாம் மரங்கள்

அப்பாவின் பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு குன்னூர் சிம்ஸ் பூங்காவில் தேடினேன். அவருக்குப் பின்னால் நெடுநெடுவென்று மூன்று பாம் (palm) மரங்கள். இன்று நிற்பது ஒன்றுதான்.

இன்னொன்றின் அடிக்கட்டை புல்லுக்குள் கிடந்தது.

குனிந்து பார்த்தால் வளையமே இல்லை, வெறும் நார், புள்ளி புள்ளியாக. நம்ம பனை, தென்னை மாதிரிதான் இதுவும், ஆண்டு வளையம் கிடையாது, உச்சியில் இருப்பது ஒரே குருத்து, அது போனால் மரமே போச்சு.

அதாவது கட்டையை வைத்து வயதை எண்ணவும் வழியில்லை. 1874-ல் தொடங்கிய பூங்கா இது. எந்த மரம் எப்போது வந்தது, ஏன் போனது என்று யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

குன்னூர்க்காரர்களே, வீட்டு ஆல்பத்தில் அந்தக் காலப் படம் இருந்தால் வருடத்தோடு போடுங்கள், ஒவ்வொரு மரமாகத் தேடிவிடலாம்.