இரண்டு கிலோமீட்டர் ஓட்டமும் 12.3 வோல்ட்டும்

மார்கழிக் காலையில் என் காரின் செல்ஃப் (இன்ஜினைக் கிளப்பும் மோட்டார்) கொஞ்சம் இழுத்துத்தான் எடுக்கிறது என்று பட்டது. பேட்டரிக்கு இன்னும் இரண்டு வயசுகூட ஆகவில்லை. கடையில் காட்டினால், "சின்னச் சின்னதா ஓட்டுறீங்கல்ல சார், செல்ஃபே எல்லாத்தையும் குடிச்சிடும், மாத்திடுங்க" என்றார்கள். சின்ன ஓட்டம் என்பது சரிதான். நங்கநல்லூரில் வீடு; பள்ளிக்கூடம், காய்கறி, மருந்துக் கடை எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள். ஆனால் செல்ஃப்தான் குடிக்கிறதா என்று அளந்து பார்க்காமல் காசு கொடுக்க மனசு வரவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிசி கரண்ட் படிக்கும் க்ளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கினேன்; வயரைக் கழற்றாமல், சுற்றிக் கவ்வியே அளக்கும். 'க்ளாம்ப் மீட்டர்' என்று மட்டும் கேட்டால் வீட்டு ஏசி கரண்டை மட்டும் படிப்பதை எடுத்து நீட்டுவார்கள். காருக்கு அது உதவாது. சாதாரண மல்ட்டிமீட்டர் வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

முதலில் வோல்டேஜ். வண்டியை நிறுத்திய கையோடு அளந்தால் பேட்டரித் தட்டின் மேல்பரப்பில் தற்காலிகமாக நிற்கும் சார்ஜும் சேர்ந்து 12.8, 12.9 என்று பொய் சொல்லும். அதனால் ராத்திரி முழுக்க விட்டு, காலையில் கதவைக்கூடத் திறப்பதற்கு முன் அளந்தேன் (பானெட் லீவர் வண்டிக்குள் இருந்தால் முந்தின இரவே பானெட்டைத் திறந்து வைத்துவிடுங்கள்). 12.3 வோல்ட். நல்ல ஈய அமில பேட்டரி முழு சார்ஜில் 12.6, 12.7 காட்ட வேண்டும், 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. ஆக என் பேட்டரி மூன்றில் இரண்டு பங்கு நிறைவோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தது. மறுநாளும் 12.3, அதற்கு மறுநாளும் 12.3. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. இதுதான் என்னைக் குடைந்தது. செல்ஃப் குடித்துக்கொண்டே போகிறது என்றால் நாளுக்கு நாள் இறங்கியிருக்க வேண்டுமே?

கணக்குப் போட்டேன். என் பெட்ரோல் வண்டியில் செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இன்ஜின் பிடிக்க ஒரு செகண்ட். 150-ஐ 3600-ஆல் வகுத்தால் 0.04 ஆம்பியர் அவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் அவர்). 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் இது ஒன்றுமே இல்லை. இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் 5 ஆம்பியர் கொடுத்தால் அரை நிமிஷத்தில் திரும்பி வந்துவிடும், தெருமுனை தாண்டுவதற்குள்.

அப்படியானால் ஓட்டை வேறு எங்கோ. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, நடுவில் மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் குழியில் கோத்தேன். இந்த நிலையில் யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. மீட்டர் ஃபியூஸ் போய்விடும். கதவைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் வண்டியின் கம்ப்யூட்டரான இசியூ தூங்கப் போக அவ்வளவு நேரம் எடுக்கிறது. தூங்கிய பிறகும் 110 மில்லி ஆம்பியர். 20 முதல் 50 வரை இருந்தால் கவலையில்லை. இது ரொம்ப அதிகம். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில் மியூசிக் சிஸ்டம் ஃபியூஸை எடுத்ததும் சட்டென்று 30-க்கு இறங்கியது.

டேஷ்போர்டைப் பிரித்தால் விஷயம் தெரிந்தது. வெளியில் மாட்டிய டச் ஸ்கிரீன் அது. மெமரிக்கான மஞ்சள் வயரையும், சாவி போட்டால் மட்டும் உயிர் வர வேண்டிய சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, நேரடி லைனில் கொடுத்திருந்தார்கள். ஸ்கிரீன் அணைந்திருந்தாலும் உள்ளே அரைத்தூக்கத்தில் கிடக்கிறது. 110 மில்லி ஆம்பியர் 24 மணி நேரத்துக்கு என்றால் 2.6 ஆம்பியர் அவர். அறுபது தடவைக்கு மேல் செல்ஃப் அடித்ததற்குச் சமம், வண்டி சும்மா நின்றபடியே!

இனி வரவு. ஓடும்போது பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது என்று க்ளாம்பை மாட்டிப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆனதும் 15, 16 ஆம்பியர் பாய்கிறது. சில நிமிஷத்தில் பாதிக்குக் கீழே வந்துவிடுகிறது. பேட்டரி நிறைய நிறைய உள்ளே வாங்கும் வேகம் குறையும். டவுன் பஸ்ஸில் முதல் இருபது பேர் மளமளவென்று ஏறி, படிக்கட்டு நிறைந்த பிறகு ஒவ்வொருவராக நெருக்கிக்கொண்டு ஏறுவது மாதிரி. கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் வேண்டும். எட்டு நிமிஷ ஓட்டம் அந்தப் பக்கமே போகாது.

12.3-ல் உட்கார்ந்துவிட்டதன் ரகசியமும் இதுதான். பேட்டரி காலியாகக் காலியாக வேகமாக வாங்கும். ஒரு கட்டத்தில் நாள் முழுக்கக் கசிவதும் இரண்டு சின்ன ஓட்டத்தில் வருவதும் சமமாகிவிடும், அங்கேயே நின்றுவிடும். பார்க்க நன்றாக ஓடுகிற மாதிரி இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் அரைகுறை சார்ஜில் கிடந்தால் தட்டில் படியும் லெட் சல்ஃபேட் இறுகிப்போய், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. 35 ஆம்பியர் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவது அப்படித்தான். மேலே சென்னை வெயில் வேறு.

வாட்ச்மேன் அண்ணன் சொன்ன வைத்தியம்: "லீவு நாள்ல பத்து நிமிஷம் சும்மா ஸ்டார்ட் பண்ணி வைங்க சார்." அதையும் செய்தேன். ஐடிலில் (வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓட), ஏசி போட்டபடி, பேட்டரிக்குள் 4 ஆம்பியர்தான் போனது. பத்து நிமிஷத்துக்கு 0.7 ஆம்பியர் அவர்கூட வராது. பெட்ரோலுக்குக் கேடு. ஈசிஆரில் பாண்டிச்சேரி போய் வந்த மறுநாள் காலையில் மட்டும் 12.55 காட்டியது; அத்தனை மணி நேரம் ஓட்டியும் முழுசாக நிறையவில்லை.

கடைசியில் 4 ஆம்பியர் சார்ஜர் ஒன்று வாங்கினேன், தானே குறைத்துக்கொண்டு நிறுத்துகிற வகை. சிவப்பு கிளிப் பாசிட்டிவில், கறுப்பு கிளிப் இன்ஜின் இரும்பில். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் பானெட் திறந்தே இருக்க வேண்டும். ஸ்டில்ட் பார்க்கிங்கில் கரண்ட் எடுக்க அசோசியேஷனில் அனுமதி வாங்கியதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமானது. ராத்திரி முழுக்க ஏற்றி, கிளிப்பைக் கழற்றி, ஒரு பகல் விட்டு அளந்தால் 12.66.

சிவப்பு வயரை, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் அக்சஸரி லைனுக்கு மாற்றிய பிறகு அதே பள்ளிக்கூட ஓட்டம்தான் ஓடுகிறது. ஒரு வாரம் கழித்து 12.5-ல் நிற்கிறது, அதற்குக் கீழே போகவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி சார்ஜர். செல்ஃப் இப்போது தயங்காமல் எடுக்கிறது, பேட்டரி மாற்றவில்லை. சல்ஃபேட்டால் எவ்வளவு போயிற்று என்று வோல்ட் மீட்டர் சொல்லாது, அதற்கு லோடு டெஸ்ட் (பெரிய கரண்டை இழுத்துப் பார்க்கும் சோதனை) வேண்டும். கத்திரி வெயில் முடிந்ததும் அதைச் செய்து எண்களைப் போடுகிறேன்.

உங்கள் வண்டி ஐடில் ஸ்டார்ட் ஸ்டாப் (சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணையும் வசதி) உள்ள புதுசு என்றால் என் எண்களை அப்படியே ஒப்பிட வேண்டாம். அந்த வகை வண்டிகளில் பல, மைலேஜுக்காகப் பேட்டரியை வேண்டுமென்றே முழுசாக நிரப்பாமல் வைத்திருக்கும்.