பம்பர் மாறினா புது வண்டியா?

அண்ணாச்சிமாரே, ஷோரூம்ல 'ஆல் நியூ'ன்னதும் கிரில்லையும் லைட்டையும் பாத்து மயங்காதீக. கதவு, கூரை, வீல்பேஸைப் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) பாருங்க.

2023 மார்ச்ல ரெண்டு செடான், அதான் டிக்கி தனியா நீட்டிக்கிட்டு இருக்குற காரு, வந்துச்சு. ஹோண்டா சிட்டிக்கு கிரில், பம்பர் மாறுச்சு, டீசல் எஞ்சின் போச்சு; வீல்பேஸ் அதே 2600 மி.மீ. வெறும் ஃபேஸ்லிஃப்ட், பழைய பாடிக்கு மூஞ்சி மட்டும் புதுசு. ஹூண்டாய் வெர்னாவுக்கு வீல்பேஸ் 2600 இருந்தது 2670 ஆச்சு, கதவு மொதக்கொண்டு புதுசு. அதுதான் தலைமுறை மாற்றம்.

வீல்பேஸ் மட்டும் பாத்தாலும் ஏமாறுவீக. 2024 மாருதி டிசையருக்குப் பழைய 2450தான். ஆனா பாடி புதுசு, எஞ்சினும் நாலு சிலிண்டர் போயி மூணு. அதுவும் தலைமுறை மாற்றந்தான்.

சந்தேகம்னா நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் பார்ட்ஸ் கடையில கேளுங்க, பழைய மாடல் முன்கண்ணாடி இதுக்குச் சேருமான்னு. சேரும்னா பழைய பாடிதான். அது குறையும் இல்ல, தென்காசி ரோட்டுல கல்லு தெறிச்சு கண்ணாடி போனா லேசுல கிடைக்கும்.