கால்நடை மருத்துவர்களும் நம் பொதுச் சுகாதாரமும்

வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியை, மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்கும் இடமாகவே நம்மில் பெரும்பாலோர் அறிவோம். இறைச்சி, பால் ஆகியவற்றின் தூய்மையையும், விலங்குகளிடமிருந்து மனிதர்க்குத் தொற்றும் நோய்களையும் கற்பிக்கும் கால்நடைப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே இருப்பது பலருக்குத் தெரியாது.

மழைக்காலத்தை ஒட்டித் தலைகாட்டும் எலிக்காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில், காலில் சிறு சிராய்ப்போடு நடப்பவரின் உடலுக்குள் கிருமி எளிதாகப் புகுந்துவிடுகிறது. நோயாளிக்கு மருந்து தர மருத்துவர் இருக்கிறார்; அக்கிருமி எந்த விலங்கிலிருந்து புறப்பட்டது என்று தேடுபவர் யார்? 1998-99இல் மலேசியாவில் நிபா பரவியபோது, அதை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதிக் கொசு ஒழிப்பில் இறங்கினார்கள். பன்றிப் பண்ணைகளிலிருந்தே அது பரவியது என்பது பின்னரே தெளிவானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

எனவே கால்நடைப் பொதுச் சுகாதாரத் துறையில் முதுநிலை பயில்வோருக்கு அரசு தாராளமாக உதவித்தொகை தர வேண்டும் என்பேன். ஐந்தரை ஆண்டுப் படிப்பை முடித்த ஒருவர் செல்லப்பிராணி மருத்துவமனை வைத்தால் கைநிறையச் சம்பாதிக்கலாம் என்றிருக்க, விடியற்காலையில் இறைச்சிக்கூடத்தில் நின்று நோய் அறிகுறி உண்டா என்று கல்லீரலையும் நிணநீர்க் கணுக்களையும் கீறிப் பார்க்கும் வேலைக்கு அவரைச் சேவை மனப்பான்மையின் பெயரால் மட்டும் அழைப்பது நியாயமன்று. படிப்பில் சேர்க்கை இடங்களை அதிகரித்தால் மட்டும் போதாது (அறிவிப்புகளுக்கு என்றுமே பஞ்சமில்லை). படித்து வருபவருக்கு மாநகராட்சியிலும் மாவட்டச் சுகாதார அலுவலகங்களிலும் நிரந்தரப் பணியிடம் வேண்டும்.