முதிரைப் பலகையும் மஞ்சள் கேமும்

ஜூலை 3, உப்புவெளி, திருகோணமலை

கச்சான் காற்று நான்காவது நாளாக அடிக்கிறது. எங்கள் ஊரில் வேர்க்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். கடலையை நாம் வறுக்கிறோம், இந்தக் காற்று நம்மை வறுக்கிறது. ஜோர்தானின் அக்காபாவிலிருந்து விடுமுறைக்கு வந்த எனக்கு இதைக் குறை சொல்ல உரிமையில்லை என்கிறார் அம்மா. "பாலைவனத்தில் இருந்து வந்த பிள்ளைக்கு வெயில் சுடுகிறதாம்!"

ஏப்ரலில் அங்குள்ள வாடி ரம் பாலைவனத்தில் பாறை ஏறும்போது விழுந்ததை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

இங்கே எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு மீட்டர்தான் இருக்கும். சிவந்த மணற்கல்லில் நேராக ஓடும் ஒரு பிளவு. முதல் எட்டு மீட்டர் ஏணிபோல ஏறிவிடலாம். கடைசி நான்கு மீட்டரில் பாறை நம் தலைக்கு மேலே வெளியே சரிந்து வருகிறது. கால் இருந்தும் பயனில்லை, உடம்பு முழுக்கக் கையில்தான் தொங்கும். அங்கே யாரும் ஆணி அடித்து வைத்திருக்கவில்லை. பிளவுக்குள் கேமைச் செருகி, கயிற்றை அதில் மாட்டிக்கொண்டே போகவேண்டும். கேம் என்றால் விசையை இழுத்தால் சுருங்கி, விட்டால் விரிந்து பாறையின் இரு பக்கத்தையும் அழுத்திப் பிடிக்கும் கருவி. அளவு சரியாக இருந்தால்தான் பிடிக்கும். அளவுக்கு ஒரு நிறம்: சிவப்பு சிறியது, மஞ்சள் அடுத்தது, நீலம் அதைவிடப் பெரியது.

விளிம்பில் இடது கையைப் பிளவுக்குள் குவித்துத் தொங்கினேன். கை குவிகிறதென்றால் நீலம் என்று நீலக் கேமை எடுத்தேன். நுழையவில்லை. சிவப்பை எடுத்தேன், அது உள்ளே ஆடியது. மஞ்சளுக்குக் கை போவதற்குள் இடது கை திறந்துகொண்டது. நான்கு மீட்டர் விழுந்தேன். கீழே வைத்திருந்த கேம் தாங்கியது. கயிறு பிடித்திருந்த நண்பன், "கையில் வலு போதவில்லை" என்றான். நானும் நம்பினேன்.

ஜூலை 6

தச்சு வேலை செய்யும் மாமாவிடம் இரண்டு முதிரைப் பலகை கேட்டேன். எட்டடி நீளம், அந்தப் பிளவுபோல நடுவில் இரண்டு அங்குல இடைவெளி, கிணற்றடி மாமரத்திலிருந்து சரிவாகத் தொங்கவேண்டும்.

"பிள்ளை, இதில் யாரைத் தொங்கவிடப் போகிறாய்?"

"என்னைத்தான் மாமா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் ஆணி போதாது, போல்ட் போடவேண்டும்" என்றார்.

ஜூலை 9

புறங்கைத் தோல் போய்விட்டது. பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு ஏறினேன். மூன்று எட்டு, விழுகை. மூன்று எட்டு, விழுகை. பக்கத்து வீட்டுப் பையன்கள் மதிலில் ஏறி உட்கார்ந்து எண்ணுகிறார்கள்.

ஜூலை 13

கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டைக்குள் மான்கள் வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்திருந்தன. தாய்க்காக மலையைப் பெயர்க்க வந்த இராவணன் வாளால் பிளந்ததாகச் சொல்லும் இராவணன் வெட்டை எட்டிப் பார்த்தேன். சிறுவயதில் பயந்து பார்த்த இடம். இப்போது கண் தானாக அகலத்தை அளக்கிறது: கேமுக்கு அடங்காது, முதுகை ஒரு சுவரிலும் காலை மறு சுவரிலும் முட்டுக்கொடுத்துத்தான் ஏறவேண்டும். வெட்கமாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வரும் இடத்தில் ஏறுகிற கணக்கு வேண்டாம். கோயில் நிற்கும் இந்தச் சுவாமிமலை ஏறுகிறவர்களுக்கான பாறை இல்லை. அதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

திருகோணமலைப் பக்கம் குவார்ட்சைட் பாறை நிறைய உண்டு. மணற்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகினால் குவார்ட்சைட். ரம் பாறைக்கு அந்தச் சூளை வாய்க்கவில்லை. மழை பெய்தால் அது வலுவிழந்துபோகும், நன்றாகக் காயும்வரை யாரும் தொடக்கூடாது.

ஜூலை 18

இன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது.

மாமா ஆப்பு வைத்துப் பலகை இடைவெளியை எனக்குத் தெரியாமல் மாற்றுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு கையை நுழைத்து, எந்த நிறக் கேம் என்று சொல்லவேண்டும். பத்துக்கு ஏழு தப்பு. எல்லாம் ஒரே மாதிரியான தப்பு: ஒரு அளவு பெரிய கேமையே சொல்கிறேன்.

மாமா தன் கையைப் பிளவுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் கையோடு ஒட்டிவைத்தார். "இந்தக் கணக்கை உனக்குச் சொல்லித்தந்தவர் ஆம்பிளையோ?"

ஆம். கை தட்டையாக இறுகினால் மஞ்சள், குவிந்தால் நீலம் என்பது நண்பனின் கை. என் கையில் தட்டையாக இறுகினால் சிவப்பு, குவிந்தால் மஞ்சள், முட்டி மடக்கியே நுழைந்தால்தான் நீலம். ஏப்ரலில் நான் தொங்கியது என் கையில், எடுத்தது அவனுடைய கேமை. அந்த இரண்டு தப்பான கேம்களுக்குச் செலவழித்த நேரத்தில் தாண்டியே போயிருப்பேன்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு தடவை மேலே போய்விட்டேன்.

ஜூலை 25

கண்ணை மூடிப் பத்துக்கு ஒன்பது சரி. ஒற்றைக் கையில் தொங்கியபடி மஞ்சளைச் செருகிக் கயிறு மாட்ட ஐந்து விநாடி. மாமா தன் பழைய கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொன்னது, ஓரிரண்டு கூடக் குறைய இருக்கலாம்.

ஆகஸ்ட் 1

நாளை இரவு கொழும்பு பஸ். ஆகஸ்டில் ரம் பாறையைத் தொட முடியாது, சுடும். அக்டோபர் வரை பொறுக்கவேண்டும். கடைசியாக ஒருமுறை தொங்கலாம் என்று மாலையில் கிணற்றடிக்குப் போனேன். பலகை நிறைய கருவாடு. அம்மா கயிறு கட்டி வரிசையாகக் காயப்போட்டிருந்தார்.

"நீ போகிறாய்தானே?" என்றார்.