பேரலில் 1942, ரிசீவரில் 1896: எம்39-ஐக் கழற்றிப் பார்த்தல்

ஃபின்லாந்து ராணுவத்தின் எம்39 ரைஃபிளில் முதலில் கண்ணில் படுவது பேரலின் பின்முனையில் மேலே பொறித்த ஆண்டு. அதைப் பார்த்துவிட்டு 'இரண்டாம் உலகப்போர்த் துப்பாக்கி' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குக் கணக்கு ரிசீவர்தான், அதாவது பேரல் வந்து திருகும், சுடும் பொறி உட்காரும் உலோகக் கூடு. அது 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டிருந்தால் கூட்டரசுச் சட்டப்படி பழம்பொருள், அந்தச் சட்டத்தின் துப்பாக்கிக் கட்டுப்பாடுகள் அதற்கு இல்லை. 1899 என்றால் இல்லை. ஃபின்லாந்துக்காரர்கள் ரிசீவரைத் தாங்களே செய்யவில்லை, பழைய ரஷ்ய மோசின்-நகாந்த் ரைஃபிள்களின் ரிசீவர்களில் புதுப் பேரலைத் திருகினார்கள். அதனால் 1942 பேரலுக்குப் பின்னால் 1896-ம் இருக்கலாம், 1915-ம் இருக்கலாம்.

அறுகோண ரிசீவர் என்றாலே பழசு என்று விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். 1930-களின் நடுப்பகுதி வரை அறுகோணம்தான் வந்தது, ஆகவே அது சாட்சியாகாது. உண்மையான தேதி ரிசீவரின் வால்பகுதிக்கு அடியில், மரக்கட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. கழற்றாமல் தெரியாது.

முதலில் மேகசினின் அடித்தகட்டைத் திறந்து, குண்டு எதுவும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். போல்டை (குண்டை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உருளையை) பின்னுக்கு இழுத்து, அறைக்குள் விரல் விட்டுப் பாருங்கள். பிறகு டிரிகரை அழுத்திக்கொண்டே போல்டை உருவி எடுங்கள். பேரலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் வளையங்களின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி முன்னால் நகர்த்தி, மேல்மரத்தை எடுங்கள். மிச்சம் இரண்டு பெரிய ஸ்க்ரூக்கள்: பின்னது வாலின் மேலிருந்து கீழே இறங்கும், முன்னது மேகசினுக்கு முன்னால் கீழிருந்து மேலே ஏறும். ஸ்க்ரூத் தலையின் காடியில் இறுக்கமாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். மெல்லியதைப் போட்டால் காடி பிய்ந்துவிடும், எண்பது ஆண்டு தாங்கிய ஸ்க்ரூ ஒரே நிமிடத்தில் வீண்.

மேகசின் சட்டகம் கீழே வந்ததும், பேரலோடு ரிசீவரை நேராக மேலே தூக்குங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரிசீவருக்கும் மரத்துக்கும் நடுவே ஃபின்லாந்து ஆயுதத் தொழிலாளர்கள் வைத்த பித்தளைத் தகடுகள் இருக்கலாம். நகம் அளவுதான், பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு அழுக்குபோலத் தெரியும். எது எங்கே இருந்தது என்று படம் எடுத்த பிறகே தொடுங்கள்.

வாலின் அடியைத் துடைக்கக் கரைப்பானில் நனைத்த துணியும் பழைய பல்துலக்கியும் போதும். கம்பி பிரஷ் கூடாது, இலக்கத்தின் விளிம்பைத் தின்றுவிடும். டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துச் சாய்வாக அடித்தால், 8-ன் கீழ்ச்சுழி மூடியிருக்கிறதா, 9-போலத் திறந்திருக்கிறதா என்று நிழலில் தெரியும். ஆலை முத்திரையையும் தேடுங்கள்: ரஷ்யாவின் துலா, இஷெவ்ஸ்க், செஸ்த்ரோரேட்ஸ்க். பிரான்ஸின் ஷாத்தெல்ரோ என்றால் கவலையே இல்லை, ரஷ்யாவுக்காக அங்கே செய்ததெல்லாம் 1895-க்குள் முடிந்தது.

பழம்பொருள் என்று தெரிந்தபின் பேரலை வெட்டலாம் என்று நினைப்பது பெரிய தப்பு. 16 அங்குலத்துக்குக் கீழ் போனால் வேறொரு சட்டம், தேசியத் துப்பாக்கிச் சட்டம், வந்து நிற்கும். குண்டு இன்றும் கடையில் கிடைக்கும் துப்பாக்கிக்கு அதில் பழம்பொருள் விலக்கு இல்லை. மாநிலங்களின் வரையறையும் தனித்தனி. விற்பதற்கு முன் அந்த மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்.

தேதி, ஆலை முத்திரை, பேரலின் தொடர் எண் மூன்றும் தெளிவாகத் தெரியும்படி, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துத் துப்பாக்கியோடு வைத்திருங்கள். திரும்பப் பூட்டும்போது பித்தளைத் தகடுகள் அதே இடத்தில் உட்காரவேண்டும். ஒன்று தவறினாலும் குண்டு படும் இடம் மாறும்.